எண்பத்தேழு சொடுக்கு

எங்கள் ஊர் கரா-புலாக்கின் ஓநாய்களுக்கு முந்நூறு மீட்டர் என்றால் எவ்வளவு தூரம் என்று நன்றாகத் தெரியும். துப்பாக்கி வைத்திருந்த எங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது. பழைய துப்பாக்கியில் வெறுங்கண்ணால் குறி பார்த்து அந்தத் தூரத்தில் ஓநாயை அடிக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அது அந்தத் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் ஒரு மேட்டில் உட்கார்ந்து, பின்காலால் காதைச் சொறிந்துகொண்டு, நாம் சுடுவதை வேடிக்கை பார்க்கும். தோட்டா பக்கத்தில் மண்ணைக் கிளப்பினால் எழுந்து இரண்டு எட்டு தள்ளிப் போய் மறுபடி உட்காரும். மரியாதை கெட்ட பிராணி.

ஜூரா அதை ஒரு கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்க் குதிரை மந்தையை மேய்ப்பவள் அவள். அப்போது நாற்பத்தேழு வயது. குட்டையான பெண், புருஷனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் கோட்டு தனியாக நடந்து வருவது போலிருக்கும். புருஷன் காதிர்குல் என் சிறுவயதுச் சிநேகிதன். குதிரைப் பால் கறப்பான், அதைக் குமிஸாகப் புளிக்க வைப்பான், கறி வேகவைப்பான். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். கேலி பண்ணினால், "வீட்டுக்கு ஒரு ஆம்பளை போதும்டா, அது அவளாவே இருந்துட்டுப் போகட்டும்" என்று குமிஸ் ஊற்றிக் கொடுப்பான்.

மந்தைக்கு வருவதற்கு முன்னால் ஜூரா பதினோரு வருஷம் ரோடு அளக்கிறவர்களோடு வேலை பார்த்தாள். எல்லைக்குப் போகும் பெரிய ரோட்டைப் புதிதாகப் போட்ட காலம். மூன்று கால் அளவைக் கருவியைத் தோளில் சுமந்துகொண்டு கணவாய் கணவாயாக ஏறுவாள். நான் அதே ரோட்டுக்கு ஜல்லி லாரி ஓட்டினேன். சுமக்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். மூன்றாவது வருஷத்தில் இஞ்சினியர் பையன்கள் கருவியை நிறுத்திவிட்டு, "ஜூரா அக்கா, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கோடையில் ஐந்து குதிரைக்குட்டி ஓநாய்க்குப் போயிற்று. காது கிழிந்த ஒரு பெண் ஓநாய், அதன் பின்னால் மூன்று. ஐந்தாவது குட்டி எசென்கானுடையது. அங்கேதான் வினை வந்தது.

எசென்கானுக்கு எழுபது வயது. ஊருக்கு வாழ வந்த பெண்களெல்லாம் அவருக்கு மருமகள்தான். ஊர்க் கூட்டத்தில் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் பார்த்து யார் முதலில் 'ஷிரல்கா' என்று கூவுகிறார்களோ அவர்களுக்கு வேட்டையில் பங்கு கொடுத்தே ஆகவேண்டும். இல்லையென்று சொன்னவனுக்கு அப்புறம் மலை எதையும் கொடுக்காது என்பது எங்கள் நம்பிக்கை. யார் துப்பாக்கியோடு மலையேறினாலும் இவருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். திரும்பி வரும் வழியில் பாலத்துப் பக்கம் தடியை ஊன்றி நிற்பார். நாற்பது வருஷமாக ஊரில் அடித்த மலையாட்டுத் தொடையெல்லாம் அவர் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது.

அவர் செப்டம்பரில் சொல்லிவிட்டார்: "நவம்பர்ல கூட்டம் போடுறோம். மந்தையை என் மருமகன்கிட்ட விடுவோம். பொம்பளை கையில குடுத்தா ஓநாய்க்கு விருந்து வெச்ச மாதிரிதான்."

மந்தை போனால் ஜூராவுக்குக் கூலி போகும். அது கூடப் பரவாயில்லை, ஊரில் கடை வைத்தாவது பிழைப்பாள். கோடையில் மேலே அக்-சாய் மேய்ச்சல் நிலத்தில் அவள் கூடாரம் போடும் இடம் போய்விடும். அதை நினைத்தால் அவளுக்கு இரவெல்லாம் கண் ஒட்டாது என்று காதிர்குல் என்னிடம் சொன்னான்.

அக்டோபர் முதல் வாரம் என் லாரி சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

"போலுஷ் அண்ணே, பிஷ்கேக் எப்பப் போறீங்க?"

"வியாழக்கிழமை. உருளைக்கிழங்கு லோடு. ஏன்?"

"துப்பாக்கி மேல வெச்சுக் குறி பாக்கிற ஸ்கோப் வாங்கணும். நாலு ஆடு வித்திருக்கேன்."

"நாலு ஆட்டுக் காசுக்கு என்னம்மா வரும்? பொம்மைக் கடையில போய்ப் பாரு."

"வருமா வராதான்னு போய்த்தான பாக்கணும்? நீங்க எனக்கு ஒரு இரும்புச் சட்டம் அடிச்சுக் குடுங்க. ரெண்டு பக்கமும் வாயைப் பொளந்த மாதிரி பள்ளம். அதுல குழாயை வெச்சுப் பட்டையால இறுக்குனா அசையவே கூடாது."

"எதுக்கு?"

"அடிச்சுக் குடுங்க, சொல்றேன்."

வெல்டிங் எனக்குக் கை வந்த வேலை. பழைய தண்டவாளத் துண்டில் அடித்துக் கொடுத்தேன். நாலு கிலோ வந்தது. அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பிஷ்கேக் வரை வந்தாள்.

கடைக்காரன் பெயர் டிமா. சிவந்த தாடி. நல்ல பையன்தான், ஆனால் விற்கிறவன் விற்கிறவன்தானே. நாங்கள் உள்ளே நுழைந்ததும் காலைப் பார்த்தான், பூட்ஸில் சாணம். எங்கள் கையில் எவ்வளவு காசு என்று கேட்டதும் நேராகக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தான். கறுப்பு நிறம், தங்க வளையம், உள்ளே பச்சை விளக்கு ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று.

"இருபத்து நாலு மடங்குக்கா! பாருங்க, பாருங்க. அந்தக் கட்டடத்து மேல காயுற துணியில பொத்தான் எத்தனைன்னு எண்ணலாம்."

நான் பார்த்தேன். அம்மாடி! பொத்தான் மட்டுமா, அதில் நூல் எந்தப் பக்கம் பிரிந்திருக்கிறது என்பது கூடத் தெரிந்தது. எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. "வாங்கிரு ஜூரா" என்றேன்.

அவள் கண்ணை வைக்கவே இல்லை. கடை ஜன்னல் திண்டில் என் இரும்புச் சட்டத்தைத் 'தொம்' என்று வைத்தாள். ஸ்கோப்பை அதில் வைத்துக் குதிரைச் சேணப் பட்டையால் இறுக்கினாள்.

டிமா பதறினான். "அக்கா, அக்கா, கீறல் விழும்!"

"கீறல் விழுந்தா காசு குடுக்கறேன் தம்பி. எதிர் வீட்டுச் சுவர்ல ஓட்டை ஒண்ணு இருக்கு, ஆணி அடிச்ச ஓட்டை. ஸ்கோப்புக்குள்ள தெரியிற கூட்டல் கோடு அதுமேல நிக்குதா? அண்ணே, நீங்க பாருங்க."

நின்றது. ஸ்கோப்பின் தலையில் ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு குமிழ். மேல் குமிழைத் திருகினால் குறி மேலும் கீழும் போகும், பக்கத்துக் குமிழைத் திருகினால் இடமும் வலமும் போகும். ஒவ்வொரு திருகலுக்கும் 'டிக்' என்று ஒரு சொடுக்கு. ஒரு சொடுக்குக்கு நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் என்று டிமா சொன்னான். ஜூரா நாற்பது சொடுக்கு மேலே போனாள். நாற்பது வலது. நாற்பது கீழே. நாற்பது இடது. பெட்டி வரைகிற மாதிரி.

"இப்பப் பாருங்கண்ணே. ஓட்டை மேல நிக்குதா?"

பார்த்தேன். நிற்கவில்லை. நாலு விரல் தள்ளி நின்றது.

"நாலு விரல்தானக்கா!" என்றான் டிமா.

"இந்தத் தெருவு அகலம் நாப்பது மீட்டர். இங்கயே நாலு விரல்னா ஐந்நூறு மீட்டர்ல எங்க போகும்? ஓநாயை விட்டுட்டு என் குதிரையைத்தான் அடிப்பேன். போன இடத்துலருந்து திரும்பி வரத் தெரியாதது எனக்கு வேணாம் தம்பி."

இரண்டாவதை வைத்தான். அது மூன்று விரல். மூன்றாவது சரியாக வந்தது. எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. ஜூரா என் ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் அதன் முதுகில் 'டங், டங், டங்' என்று இருபது தட்டு தட்டினாள். டிமா தாடியைப் பிடித்துக்கொண்டான். மறுபடி பார்த்தால் இரண்டு விரல் நகர்ந்திருந்தது.

"துப்பாக்கி உதைக்கிற உதைல இது நாலு நாள்ல குருடாயிரும்."

"அக்கா, நீங்க வாங்க வந்தீங்களா, என் கடையை உடைக்க வந்தீங்களா?"

"வாங்கத்தான். உள்ள வேற எதையோ ஒளிச்சு வெச்சிருக்கியே, அதை எடு."

ஒளித்து ஒன்றும் வைக்கவில்லை. அலமாரியின் அடியில் துணியில் சுற்றி ஒன்று கிடந்தது, யாரோ விற்றுவிட்டுப் போனது. தடித்த குழாய், வண்ணம் உரிந்தது, விளக்கும் இல்லை, தங்க வளையமும் இல்லை. பத்து மடங்கு மட்டும்தான். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

"இதை யாரும் கேக்க மாட்டாங்கக்கா. எல்லாருக்கும் கூட்டிக் குறைக்கிற மாதிரி வேணும்."

வைத்தாள். மேலே நாற்பது, வலது நாற்பது, கீழே நாற்பது, இடது நாற்பது. நான் கண்ணை வைத்தேன். ஆணி ஓட்டையின் நடுவில், ஈ உட்கார்ந்த மாதிரி, கூட்டல் கோடு.

"தட்டு!" என்று நானே கத்தினேன். தட்டினாள், இருபது. நகரவில்லை. மறுபடி பெட்டி. ஓட்டை நடுவில். டிமாவுக்கே ஆர்வம் வந்துவிட்டது, என்னைத் தள்ளிவிட்டுத் தானே கண்ணை வைத்தான். "எங்கம்மா மேல சத்தியமா எனக்கே தெரியாதுக்கா!"

அப்போதும் அவள் விடவில்லை. தெருமுனையில் ஐஸ்கிரீம் விற்கிற அம்மாவிடம் போய் அந்த ஸ்கோப்பைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள்.

"என்னடி இது, வெடிகுண்டா?"

"இல்லக்கா, எங்க மலைக் குளிர்ல குமிழு இறுகிக்குமான்னு பாக்கறோம். மலிவுச் சாமான்ல உள்ள போடுற கிரீஸ் மெழுகாயிரும்."

அரை மணி நேரம் ஆளுக்கு ரெண்டு ஐஸ்கிரீம் தின்றோம். டிமா கடையை விட்டு வந்து எங்களோடு நின்று அவனும் தின்றான். எடுத்தால் குழாயில் பனி பூத்திருந்தது. குமிழ் 'டிக், டிக், டிக்' என்று முன்பு சுற்றிய மாதிரியே சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஐஸ்கிரீம் அம்மா கூடச் சிரித்தாள்.

மூன்று ஆட்டுக் காசுக்கு முடித்தோம். நாலாவது ஆடு முழுக்கத் தோட்டாவாக ஆயிற்று. "கண்ணாடிக்குக் குடுத்துட்டுத் தோட்டா இல்லாம உக்காந்தா யாருக்கு லாபம்?" என்றாள். அதைத் துப்பாக்கியில் பொருத்துகிற இரும்பு வளையங்களை டிமா சும்மாவே கொடுத்தான்.

இருபத்து நாலு மடங்கை விட்டுவிட்டு வருகிறோமே என்று எனக்குக் கணவாய் ஏறும்வரை வருத்தம். "அதுல ஓநாயோட பல்லு தெரியுமே ஜூரா."

"இதுல ஓநாய் தெரியும் அண்ணே. போதும்."

அடுத்த பத்து நாள் அவள் ஆற்று வளைவுக்கு மேலே இருக்கும் பாறையில்தான் கிடந்தாள். மந்தை மலையிலிருந்து இறங்கி அந்த வளைவில்தான் மேயும். ரோடு அளந்தவள் அல்லவா, பாறையிலிருந்து முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு மீட்டரில் சங்கிலி பிடித்து அளந்து, கல்லுக்குக் கல் சுண்ணாம்பு அடித்தாள். முதலில் நூறு மீட்டரில் கூட்டல் கோடு நிற்கும் இடத்திலேயே தோட்டா விழும்படி சேர்த்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு குமிழிலும் எண் பொறித்த வளையத்தைத் தளர்த்திச் சைபரில் வைத்தாள். பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் எத்தனை சொடுக்கு ஏற்றவேண்டும் என்று சுட்டுச் சுட்டுப் பார்த்து, ஒட்டும் நாடாவில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டினாள். நானூறுக்கு இருபத்தொன்று. ஐந்நூறுக்கு முப்பத்திரண்டு.

நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஐந்நூறாம் கல்லுக்குப் பக்கத்தில் காதிர்குலின் பழைய வாளியைக் கவிழ்த்திருந்தாள். 'டாண்' என்றது. மறுபடி 'டாண்'. ஐயோ, அந்தச் சத்தம்! தோட்டா போய், வாளி அடிபட்டு, சத்தம் திரும்பி வருவதற்குள் ஒரு மூச்சு விட்டுவிடலாம். நான் அந்த ஈரப்புல்லில் குதித்தேன், ஐம்பத்திரண்டு வயதில்.

கடைசி நாள் மேல் குமிழைக் கீழே, அது முட்டி நிற்கும்வரை திருகினாள். பிறகு உதடு அசைய எண்ணிக்கொண்டே சைபருக்கு வந்தாள். பக்கத்துக் குமிழையும் அப்படியே. எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு" என்றாள்.

இனிமேல் சொல்வதில் என் தப்பு இருக்கிறது.

எங்களுக்குள் பார்வைச் சீர் என்று ஒரு வழக்கம் உண்டு. புதுப் பெண் வந்தால், குழந்தை பிறந்தால், புதுச் சாமான் வாங்கினால், பார்க்க வருகிறவர் கையில் ஏதாவது கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும். கொடுத்தவருக்குக் காட்டாமல் இருக்க முடியாது. ஊரே கிளம்பி வந்தது. ஒருத்தி தலைத்துணி, ஒருவன் ஒரு தட்டு பொரித்த ரொட்டி, இன்னொருவன் சர்க்கரைக் கட்டி. காதிர்குலின் குமிஸ் ஆறாக ஓடியது. ஜூராவுக்கு மந்தையைச் சேர்க்கப் போகவேண்டும். தோட்டாவையெல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணே, யாரு வேணாப் பாக்கட்டும். குமிழைத் தொட விட்டுறாதீங்க."

"என் கையைத் தாண்டி ஒரு கை வந்துருமா?"

வரவில்லை, ஐந்து கிண்ணம் குமிஸ் இறங்கும்வரை. சாயங்காலம் எசென்கான் வந்தார். ஒரு வெள்ளைத் தொப்பியைச் சீராக வைத்தார், நல்ல தொப்பி. கண்ணை வைத்தார்.

"ஒண்ணும் தெரியலையேடா. மங்கலா இருக்கு." மேல் குமிழைப் பிடித்து 'டர்ர்ர்' என்று சுற்றினார். "இப்பவும் மங்கல்தான்." பக்கத்துக் குமிழ் 'டர்ர்ர்'. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி.

தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். சீர் வைத்த பெரியவர் கையைத் தட்டிவிட எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராது, எனக்கும் வரவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் போனதும் பயம் பிடித்தது. குமிழைப் பார்த்தேன், முப்பத்தேழில் நின்றது. இவ்வளவுதானே என்று சைபருக்குத் திருப்பி வைத்தேன். பக்கத்துக் குமிழும் சைபர். நான் பாட்டுக்கு இன்னொரு கிண்ணம் குடித்தேன்.

ஜூரா வந்து வாங்கிப் பார்த்தாள். இரண்டும் சைபர். "நன்றி அண்ணே" என்றாள். அந்த நன்றி எனக்கு நெஞ்சில் முள் மாதிரிக் குத்தியது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: அந்தக் குமிழ் ஒரு சுற்றோடு நிற்கிறதல்ல. ஐம்பது சொடுக்கு ஒரு சுற்று, அப்படி நாலு சுற்றுக்கு மேல் போகும். எல்லாச் சுற்றிலும் ஒரு சைபர் வரும். நான் எந்தச் சுற்றின் சைபரில் வைத்தேன்?

காலையில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். காலையில் சொல்ல நேரம் இல்லை. விடிவதற்கு முன்னே காதிர்குல் ஜன்னலைத் தட்டினான்.

"டேய் போலுஷ், எழுந்திருடா! காதுக் கிழிசல் வந்துட்டா! ஆத்து வளைவுல குதிரையெல்லாம் கூடி நிக்குது. ஜூரா பாறைக்குப் போயிட்டா, நீ போடா, நான் நாய்களைக் கட்டிட்டு வரேன்!"

குதிரையில் போகிற வழியெல்லாம் பனி முகத்தில் அறைந்தது. நான் பாறைக்குத் தவழ்ந்து போய்ச் சேர்ந்தபோது ஜூரா படுத்திருந்தாள், கோட்டைச் சுருட்டித் துப்பாக்கிக்கு அடியில் வைத்திருந்தாள். கீழே பெண் குதிரைகள் வட்டமாக நின்றன, தலை உள்ளே, பின்பக்கம் வெளியே, உதைக்கத் தயாராக, நடுவில் குட்டிகள். மூன்று ஓநாய் ஒரு பக்கம் ஓடி ஓடி வந்து போக்குக் காட்டின. காது கிழிந்தவள் அதில் சேரவில்லை. ஐந்நூறாம் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வட்டம் எங்கே உடையும் என்று பார்த்துக்கொண்டு, காதைச் சொறிந்துகொண்டு.

"அதே இடம் அண்ணே," என்றாள் ஜூரா சந்தோஷத்தில். "வாளி வெச்ச இடம். காத்தும் இல்ல, குதிரை வாலு நேரா தொங்குது பாருங்க." மேல் குமிழைத் திருகினாள். முப்பத்திரண்டு. மூச்சை விட்டாள். விரல் விசைக்குப் போனது.

குறி தப்பி ஒரு வெடி வெடித்தால் ஓநாய் ஓடிவிடும், அப்புறம் இந்த வருஷம் இந்தப் பக்கமே வராது. கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள்.

"நில்லு ஜூரா! எசென்கான் திருகிட்டாரு. ரெண்டையும். நாந்தான் சைபர்ல வெச்சேன். எந்தச் சுத்துன்னு தெரியாது."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஓநாயே மேல்.

"ஒரு சுத்து தப்புன்னா இங்கருந்து ரெண்டரை மீட்டர்," என்றாள் மெதுவாக. "ரெண்டரை மீட்டர் அண்ணே."

"தெரியாமப் போச்சும்மா."

"அப்புறமா அழுங்க. நான் கண்ணை எடுக்க மாட்டேன். நான் திருகறேன், நீங்க காதை வெச்சு எண்ணுங்க. தப்பா எண்ணுனீங்கன்னா மொதத் தோட்டா உங்களுக்கு."

மேல் குமிழைக் கீழே கீழே திருகி முட்ட வைத்தாள். "அடியிலருந்து எண்பத்தேழு என் சைபர். மேல முப்பத்திரண்டு. மொத்தம் நூத்திப் பத்தொம்பது. ம்."

டிக். டிக். டிக். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஜல்லி லோடு எண்ணியிருக்கிறேன், ஆட்டை எண்ணியிருக்கிறேன், இப்படி எண்ணியதில்லை. என் காது குமிழில் ஒட்டிக் குளிரில் எரிந்தது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. கீழே ஒரு குதிரை கனைத்தது. "வட்டம் ஆடுது" என்று முணுமுணுத்தாள் ஜூரா, விரல் நிற்கவில்லை. எழுபது. எழுபத்தொன்று. ஒரு குட்டி வெளியே வந்துவிட்டது, அதன் அம்மா குறுக்கே பாய்ந்து நின்றாள். "எழுந்துட்டா, எழுந்துட்டா" என்றாள் ஜூரா. காது கிழிந்தவள் எழுந்து நின்று சோம்பல் முறித்தாள், அவசரமே இல்லாமல். நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு.

"நூத்திப் பத்தொம்பது! நிறுத்து!"

"இப்பப் பக்கத்துது. இடது முட்டுலருந்து தொண்ணூத்தி நாலு."

மறுபடி முதலிலிருந்து. எனக்கு வியர்த்தது, அந்தப் பனியில். அறுபதில் ஒரு சொடுக்கு கேட்டதா கேட்கவில்லையா என்று ஒரு நொடி தடுமாறினேன். அவளே "அறுபத்தொண்ணு" என்றாள். அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு.

"ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு," என்றாள். "காதைப் பொத்திக்குங்க."

பொத்தவில்லை. வெடித்தது. மலை திருப்பிச் சொன்னது. ஒரு மூச்சு விடும் நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்த காது கிழிந்தவள் உட்காருவது போல் உட்கார்ந்தாள், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். மற்ற மூன்றும் தோட்டா எங்கிருந்து வந்தது என்று புரியாமல் நாலு திக்கும் பார்த்துவிட்டுத் தெறித்து ஓடின. குதிரைகள் கனைத்த கனைப்பில் என் காது அடைத்துக்கொண்டது.

நான் ஜூராவைத் தூக்கிச் சுற்றினேன், கோட்டோடு. "விடுங்கண்ணே, ஊரு பாக்கும்!" "பாக்கட்டும்!" அதற்குள் காதிர்குல் வந்து சேர்ந்தான், இரண்டு காதிலும் பஞ்சு. "அடிச்சாச்சா? அடிச்சாச்சா?" என்று கத்தினான். அடித்தாயிற்று என்று நாங்கள் சொன்னது அவனுக்குக் கேட்கவே இல்லை.

ஓநாயைக் குதிரை முதுகில் கட்டிக்கொண்டு கம்பளி மூடி இறங்கினோம். பாலத்தில், தடியை ஊன்றிக்கொண்டு, எசென்கான். கம்பளிக்குள் என்ன இருக்கிறது என்று கூடப் பார்க்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"ஷிரல்கா! ஷிரல்கா, மருமகளே!"

காதிர்குல் என்னைப் பார்த்தான். நான் ஜூராவைப் பார்த்தேன். அவள் குதிரையிலிருந்து இறங்கி, கயிற்றை அவிழ்த்து, கம்பளியை எடுத்துவிட்டு, ஓநாயை அவர் காலடியில் இறக்கினாள். கிழிந்த காது மேலே தெரிந்தது.

"இதுல தொடைக்கறி கிடையாது மாமா. தோல் முழுக்க உங்களுக்குத்தான்."

கிழவர் ஓநாயைப் பார்த்தார், ஸ்கோப்பைப் பார்த்தார், ஜூராவைப் பார்த்தார். கேட்டது கேட்டதுதான், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. "எவ்வளவு தூரம்?" என்றார்.

"ஐந்நூறு."

"பொய்."

"வாங்க, சங்கிலி பிடிச்சுக் காட்டறேன்."

வரவில்லை. தோலைத் தன் வீட்டு வாசல் சுவரில்தான் விரித்துக் காயவைத்தார், காயவைக்க வேறு இடம் அவருக்கு இல்லை. அந்த வழியாகத்தான் ஊரே கடைக்குப் போகிறது. பத்து நாளும் ஒவ்வொருவனும் நின்று, "அட, காதுக் கிழிசலா! யாரு மாமா அடிச்சது?" என்று கேட்க, பத்து நாளும் அவர் பதில் சொல்லவேண்டியிருந்தது. மூன்றாம் நாளுக்கு அப்புறம் கேட்காதவனையும் நிறுத்தி அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தூரம் அறுநூறாகிவிட்டிருந்தது.

நவம்பரில் கூட்டம் கூடியது. அவருடைய மருமகன் புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். யாரோ, "மந்தை விஷயம்?" என்று இழுத்தார்கள். எசென்கான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மந்தைக்கு என்ன? அதுதான் மருமககிட்ட இருக்கே. இருக்கறதை எதுக்குடா பேசுறீங்க? அடுத்ததைப் பேசுங்க, வாய்க்கால் தண்ணியைப் பேசுங்க."

பேசினார்கள். ஜூரா பின்வரிசையில் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் என்னைக் கண்டதும், "அடுத்த மே மாசம் லாரி வேணும் அண்ணே, கூடாரச் சாமான் ஏத்த" என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு எசென்கான் பின்னாலேயே வந்தார், ஸ்கோப்பில் இன்னொரு தரம் பார்க்கவேண்டுமாம். ஜூரா காலித் துப்பாக்கியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அவர் குனிந்தார். நான் இரண்டு குமிழையும் இரண்டு கையால் மூடிக்கொண்டேன்.

"பாருங்க பெரியவரே, நல்லாப் பாருங்க," என்றேன். "கையை மட்டும் பின்னால கட்டிக்குங்க."

கட்டிக்கொண்டார்.